சொந்த மனையும் கடன் வாங்கிய மொழியும்

சித்திரை மாதச் சனிக்கிழமை. தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்ரயிலில் ஏறியபோது எதிர் இருக்கையில் இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொளுத்துகிற வெயிலில் வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பொத்தான், அதன்மேல் டை. நெஞ்சில் கறுப்பு வில்லை. வில்லையில் பெயருக்கு முன்னால் ‘எல்டர்’ என்று போட்டிருந்தது. எல்டர் என்றால் மூப்பர். மூப்பர் இருவருக்கும் மீசை இன்னும் சரியாகக் கட்டவில்லை.

மார்மன்கள் என்று வெளியார் சொல்லும் சபையின் மிஷனரிகள் அவர்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப் பெயர். 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது, இன்று தலைமையிடம் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டி. சபையில் வளரும் பையன்கள் பதினெட்டு வயதுக்கு மேல் இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போவார்கள். சம்பளம் கிடையாது. போகும் ஊரைத் தலைமையிடம் சொல்லும். எங்கே போனாலும் ஜோடியாகத்தான் போக வேண்டும்.

ஒருவன் கோதாவரிக் கரைக்காரன். தமிழ்நாட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறதாம். தமிழ் எப்படி வருகிறது என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் காட்டினான். தெலுங்கு எழுத்தில் தமிழ்ச் சொற்கள். முதல் சில பக்கங்களில் ஜெபம், விசுவாசம், மனந்திரும்புதல், ஞானஸ்நானம். அதற்கப்புறம் அவனே வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவை. விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தான்: சுகர், மாத்திரை, வட்டி, குழு, டியூ, அட்வான்ஸ்.

“டியூ இங்கிலீஷ்தானே தம்பி?” என்றேன்.

“இல்ல அண்ணா. இங்க அது தமிழ். டியூக்காரர் வந்தா ஜெபம் நிறுத்தணும்” என்றான்.

கூடுவாஞ்சேரியில் இருவரும் இறங்கிப் போனார்கள். செங்கல்பட்டு வரைக்கும் அந்த நோட்டுதான் மனதில் ஓடியது. முதல் பக்கத்துச் சொற்கள் அவன் கொண்டுவந்தவை. பின்பக்கத்துச் சொற்கள் சனங்கள் அவனுக்குக் கொடுத்தவை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். யூட்டாவில் ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த பையனை ப்ரோவோ நகரத்துப் பயிற்சி மையத்தில் சில வாரம் உட்காரவைத்து ஸ்பானிஷ் புகட்டி, மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் கூடும் சபைக்கு அனுப்பிவிடுவார்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை, தட்டுத்தடுமாறும் ஸ்பானிஷில், ஐம்பது வயதுக்காரருக்கு வேதம் சொல்ல வேண்டும். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, வினைச்சொல்லை மட்டும் திருத்திவிட்டுச் சோறு போடுவார். யார் யாருக்கு ஊழியம் செய்கிறார்கள் என்று சொல்வது கடினம்.

இந்தச் சபைக்கும் நம் ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1853-ல் ரிச்சர்ட் பேலண்டைன் என்ற மார்மன் மிஷனரி சகாக்களோடு மதராசில் வந்து இறங்கினார். ஸ்காட்லாந்தின் ராக்ஸ்பர்க்ஷயரில் பிறந்தவர். 1849-ல் சால்ட் லேக்கில் முதல் ஞாயிறு பள்ளியை நடத்தியவர் என்று அவர்கள் சபை இன்றும் கொண்டாடுகிறது. மதராசில் ஆங்கிலத்தில் பிரசங்கித்தார், ஆங்கிலத்தில் ஒரு மாதப் பத்திரிகை அச்சடித்தார். கேட்டவர்கள் பெரும்பாலும் பட்டாளத்துக்காரர்களும் மற்ற வெள்ளைக்காரர்களும். ஒரு வருடம் தாக்குப்பிடித்துவிட்டு 1854-ல் கப்பலேறினார். தமிழ் பேசும் சனம் அவருக்கு வண்டியோட்டியாகவும் சமையல்காரராகவும் தெரிந்திருக்கும். அதற்குமேல் தெரிய வழியில்லை. அந்தச் சபை தமிழ்நாட்டில் வேர் பிடித்தது 1960களில், கோவையில், பால் திருத்துவதாஸ் என்ற தமிழர் தமிழில் பேசத் தொடங்கிய பிறகுதான்.

செங்கல்பட்டில் உத்திரமேரூர் பஸ் பிடித்தேன். பாலாறு மணலும் கோரையுமாகக் கிடந்தது. ஆற்றைத் தாண்டினால் ஏரிகள் ஆரம்பம். ஒரு ஏரிக் கரை முடிவதற்குள் அடுத்த கரை தெரிகிறது. கரைமேல் பனை, கீழே நவரை அறுவடை. அறுப்பு மெஷின் ஒரு மூலையில், வைக்கோல் கட்டும் மெஷின் மறு மூலையில். கல்குவாரி லாரிகள் எதிரே வரும்போதெல்லாம் பஸ் மண்ணில் இறங்கி ஏறியது. நடத்துநர் ஒவ்வொரு முறையும் லாரிக்காரரின் குடும்பத்தை விசாரித்தார்.

உத்திரமேரூரில் எல்லோரும் போகும் இடத்துக்கே நானும் முதலில் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் சபை மண்டபத்துச் சுவரில்தான் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919-ஆம் ஆண்டும் 921-ஆம் ஆண்டும் வெட்டியவை. ஊர் முப்பது குடும்பு, இன்றைய வார்டு மாதிரி. தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று தனித்தனிக் குழுக்கள். கணக்குக் காட்டாதவன் பெயரை எழுதக் கூடாது, அவனுடைய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. இன்றைக்கு வாசித்தாலும் சிலருக்கு வயிற்றைக் கலக்கும் விதி.

பள்ளிப் பாடத்தில் இதுவரைக்கும் வரும். தகுதிப் பட்டியலை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். வேத ஞானம். இவற்றோடு இன்னொன்று: சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வீடு இருந்தால் போதாது, மனையும் அவனுடையதாக இருக்க வேண்டும். இது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம், ஆகவே சபையும் அவர்களுடையது. உழுதவனுக்கும் அறுத்தவனுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

சுவரில் கையை வைத்தேன். வெயில் ஏறிய கல் சுட்டது. மனை என்ற சொல் அங்கிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டது.

ராத்திரி ஒரு நண்பர் வீட்டில் தங்கினேன். மறுநாள் ஞாயிறு. அவர் பைக்கில் ஏற்றி, ஊருக்கு மேற்கே ஒரு காலனிக்கு அழைத்துப் போனார். ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுக் காங்கிரீட் போட்ட சிறிய தேவாலயம். உள்ளே பாய் விரித்து நாற்பது பேர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் எல்லாப் பக்கமும். போதகர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். வந்து ஆறு வருடம். ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது, தெலுங்குப் பையனின் நோட்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார்.

“எனக்கும் ஒரு நோட்டு வேண்டியிருந்துது சார். நான் தமிழன், இவங்களும் தமிழங்க. ஆனா முதல் வருசம் நான் பேசினது அவங்களுக்கு எட்டல, அவங்க பேசினது எனக்கு எட்டல. எங்க ஊர்ல வலியன்னா பெரிசுன்னு அர்த்தம். ஆண்டவர் வலிய காரியம் செய்தார்னு பிரசங்கம் பண்ணினேன். ஒரு ஆயா வந்து, இன்னா ஐயரே, ஆண்டவருக்கு எங்க வலின்னு கேட்டாங்க.”

அருகில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆறு வருடமாகச் சொல்லப்படும் கதை என்று தெரிந்தது.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொன்று சொன்னார். வந்த மூன்றாம் மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு போன். ‘ஐயரே, நைனா இஸ்துகினு கீது’ என்று ஒரு பையன் குரல். எதையோ இழுக்கிறார்கள் போல, வண்டி கிண்டி மாட்டிக்கொண்டதா என்று இவருக்குக் குழப்பம். காலையில் வருகிறேன் என்று வைத்துவிட்டார். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். எங்கள் ஊர் உச்சரிப்பில் சொல்லியிருந்தால் செருப்புக்கூடப் போடாமல் ஓடியிருப்பேன் என்றார். காலையில் போனபோது பந்தல் போட்டிருந்தார்கள்.

“அந்தக் குடும்பம் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல சார். அன்னையிலேர்ந்து யாரு என்ன சொன்னாலும் ரெண்டு தடவை கேட்டுக்குவேன்.”

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பட்ட பாட்டை இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு என்ற மிஷனரி பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். ஒன்பது வருடத்தில் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதற்கு நடுவே நடந்த ஒரு காரியத்தைப் பலர் சொல்வதில்லை. ஒரு ஏழை விதவையின் வழக்கில் அவர் தலையிட, டேனிஷ் தளபதிக்குக் கோபம் வந்து, 1708 கடைசியில் அவரைக் கோட்டையில் அடைத்தார். நாலு மாதச் சிறை. தமிழ் தெரியாதிருந்தால் அந்த விதவையின் குறை அவர் காதில் விழுந்திருக்காது, சிறையும் வாய்த்திருக்காது.

செங்கல்பட்டுச் சீமைக்கு ஸ்காட்லாந்து மிஷன் வந்தது 1830களின் கடைசியில். காஞ்சிபுரத்தில் இன்றும் ஆண்டர்சன் பள்ளி நடக்கிறது. முதல் காலத்தில் அவர்கள் குறி நகரத்துப் பிள்ளைகள், மேல்சாதி வீடுகள், ஆங்கிலப் படிப்பு. கிராமத்துச் சேரிக்குள் மிஷன் நுழைந்தது பின்னால்தான். அங்கே போனபோது முன்ஷியிடம் படித்த செந்தமிழ் உதவவில்லை. படியாள் என்றால் என்ன? கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காகத் தலைமுறையாக ஒரே களத்தில் உழைப்பவன். மிராசு என்றால் என்ன? ஊர் நிலத்தின் மேல் பிறப்பால் வரும் பாத்தியதை. தரக்காஸ்து என்றால் என்ன? தரிசு நிலம் கேட்டுச் சர்க்காருக்குப் போடும் மனு. அந்த மனுவைப் படியாள் போட்டாலும், எனக்குத்தான் முதல் உரிமை என்று மிராசுதார் வந்து நிற்பார். எந்த அகராதியைப் புரட்டினாலும் இந்தச் சொற்களின் முழு எடை தெரியாது. சேரித் திண்ணையில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

அப்படி உட்கார்ந்தவர்களில் இருவர், செங்கல்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூவும் திருவள்ளூர்ப் பக்கம் இருந்த வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும். ஆத்துமாக்களை ஆதாயம் செய்ய வந்தவர்கள்தான், அதை அவர்களே மறைக்கவில்லை. ஆனால் கேட்டதை எழுதினார்கள், எழுதியதைச் சர்க்காருக்கு அனுப்பினார்கள். 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர், மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லை என்பதோடு அவர் நிற்கவில்லை. குடிசை போட்டிருக்கும் மனையும் அவர்களுடையதல்ல என்று எழுதினார். எதிர்த்துப் பேசினால், வேறு இடத்தில் கூலிக்குப் போனால், நிலம் கேட்டு மனுப் போட்டால், மனையைக் காலி செய் என்று ஒரு வார்த்தை போதும். மிராசுதாரின் கையில் இருந்த சாட்டை அந்த மனைதான்.

அந்த அறிக்கையின் பின்னால் வந்ததுதான் 1892 செப்டம்பர் 30-ஆம் தேதியிட்ட அரசாணை. தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று நிலம் ஒதுக்க வழி செய்தது. பத்து வருடத்துக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் அவர்களுக்குள்ளேதான் கைமாற வேண்டும். பஞ்சமி நிலம் என்று இன்றுவரை நாம் பேசுவது அதைத்தான். ஆண்ட்ரூ ஏற்படுத்திய குடியிருப்பு ஒன்று சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மெல்ரோசாபுரம் என்ற பெயரில் இருக்கிறது. மெல்ரோஸ் ஸ்காட்லாந்தில் ஒரு சிற்றூர், ராக்ஸ்பர்க்ஷயரில் இருப்பது. மதராசில் ஆங்கிலம் மட்டும் பேசிவிட்டுக் கப்பலேறிய பேலண்டைன் பிறந்த அதே சீமை. ஒருவர் ஒரு வருடத்தில் திரும்பிப் போனார். இன்னொருவர் ஏற்படுத்திய குடியிருப்பில் ஒரு ஸ்காட்லாந்து ஊர்ப்பெயர் ‘புரம்’ சேர்த்துக்கொண்டு நம் பஸ் பலகையில் ஏறியிருக்கிறது.

உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறை படியெடுத்தது 1898-ல். அரசாணைக்கு ஆறு வருடம் கழித்து. சொந்த மனை உள்ளவனுக்கே ஓலை என்று கல்லில் இருந்ததை அறிஞர்கள் வாசித்துக்கொண்டிருந்த அதே நாளில், கூப்பிடு தூரத்துச் சேரியில் மனை இல்லாதவர்கள் தரக்காஸ்து எழுத ஆள் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அரசாணையால் எல்லாம் மாறிவிடவில்லை. கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போனது. 1994-ல் மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் எழுந்தது. அதைத் தொடர்ந்து அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். ஒரு பெயர் கிறிஸ்தவப் பெயர், ஒரு பெயர் பெருமாளின் மலைப்பெயர். கேட்ட நிலம் ஒன்றுதான்.

காபி முடிந்ததும் போதகர் என்னை ஓர் ஆயா வீட்டுக்கு அழைத்துப் போனார். வலி எங்கே என்று கேட்டவர் அவர்தான். எண்பது இருக்கும். வாசல் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். “குந்துப்பா” என்றார். குந்தினேன்.

மனையைப் பற்றிக் கேட்க நான் கொஞ்சம் தயங்கினேன். அவர் தயங்கவில்லை.

“எங்க மாமனாரு காலத்துல வூடு நம்மளது, மனை அவங்களுது. ஒரு தபா எங்கூட்டுக்காரு கூலி பத்தலன்னு கேட்டுட்டாரு. உடனே, கூரைய பிரிச்சிகினு போடான்னாங்க. எங்க போறது? மறுநா நானே போயி சாணி வாரினேன். அப்புறம் எம்சியார் காலத்துல பட்டா குட்தாங்க.”

உள்ளே போய் ஒரு பாலிதீன் பையை எடுத்து வந்தார். ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், அடியில் நாலாக மடித்த காகிதம். மடிப்புகளில் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. டேப் பழுத்து மஞ்சளாகியிருந்தது. இரண்டரை சென்ட் மனைப் பட்டா. மடித்த காகிதத்தைப் பிரிக்க அவர் என்னை விடவில்லை. தானே பிரித்து, மடியில் வைத்து, நீவிக் காட்டினார்.

“படிக்கத் தெரியாதுப்பா. ஆனா இதுல எம்பேரு எங்க கீதுன்னு தெரியும்” என்று ஓர் இடத்தில் விரலை வைத்தார். அங்கேதான் இருந்தது.

அவருக்கு நாலு பிள்ளைகள். அந்த இரண்டரை சென்ட்டில் இப்போது மூன்று குடும்பம். பேரன்களுக்கு மனை வேண்டும். பின்னால் புறம்போக்கில் கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். பட்டா இல்லாததால் வீடு கட்டும் திட்டத்தில் பெயர் ஏறவில்லை.

தேவாலயத்துக்குத் திரும்பியபோது பெஞ்சின் முன் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். போதகர் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளைத் தாளை எடுத்து, ‘பெறுநர், மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்’ என்று எழுதத் தொடங்கினார். ஒவ்வொருவரும் தங்கள் கதையைச் சொன்னார்கள். அவர் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டு எழுதினார். ‘மனை கீதா, இல்ல புறம்போக்கா?’ என்று கேட்டபோது, கன்னியாகுமரி வாயில் அந்தக் ‘கீதா’ கொஞ்சமும் இடறாமல் வந்தது. எழுதச் சொல்லி வந்தவர்களில் இருவர் நெற்றியில் திருநீறு இருந்தது.

பிரசங்கம் என்ன என்று பிறகு நண்பர் கேட்டார். எனக்கு நினைவில்லை. மனுக்கள் நினைவிருக்கின்றன. வேற்று மொழிக்குப் போகிறவன் கொண்டுபோன செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். நோட்டின் பின்பக்கத்தில் அவன் என்ன எழுதினான் என்பதை வைத்துத்தான் நாம் அவனை எடை போட முடியும்.

அன்றைக்கு ஏழு மனு எழுதினார்கள், ஏழும் மனைக்காக. மறுநாள் திங்கட்கிழமை, காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். முதல் பஸ் ஐந்தரைக்கு என்று பேசிக்கொண்டார்கள்.